மூன்றாம் வகுப்பில் தொடங்கும் நுழைவுத் தேர்வு

நவோதயா பள்ளியின் ஆறாம் வகுப்பில் இடம் கேட்டு ஆண்டுதோறும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் விண்ணப்பிக்கிறார்கள். பலருடைய வாய்ப்பு, தேர்வுக்கூடத்துக்குள் நுழையும் முன்பே காகிதத்தில் முடிவாகிவிடுகிறது.

விண்ணப்பத்தில் ஒரு சிறிய கேள்வி இருக்கிறது. குழந்தை கிராமப்புறமா, நகர்ப்புறமா? இரண்டில் ஒன்றைக் குறிக்க வேண்டும். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தேயிலைத் தோட்டத்து லயத்தில் குடியிருக்கும் ஒரு தமிழ்த் தகப்பனாரை நினைத்துக்கொள்ளுங்கள். அரை நாள் கூலியை விட்டுவிட்டு அக்ஷயா மையத்தின் வரிசையில் நிற்கிறார். இந்தக் கேள்வி யோசிக்க வேண்டிய ஒன்றாகவே அவருக்குத் தோன்றாது. சுற்றிலும் மலை, தேயிலை, அட்டை. இதைக் கிராமம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? கணினி முன் உட்கார்ந்திருப்பவரும் அப்படியே பதிந்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

ஆனால் குடும்பம் எங்கே குடியிருக்கிறது என்று அந்தக் கேள்வி கேட்கவில்லை. குழந்தை மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளை எந்தப் பள்ளியில் படித்தது, அந்தப் பள்ளி எங்கே இருக்கிறது என்று கேட்கிறது. நான்காம் வகுப்பை மட்டும் கட்டப்பனை நகராட்சியில் அத்தை வீட்டில் தங்கி, ஆங்கில வழிப் பள்ளியில் படித்திருந்தால் கணக்கு மாறிவிடும். விதி சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. இந்த மூன்று வகுப்புகளில் ஒரே ஒரு நாள் நகர்ப்புறப் பள்ளியில் படித்திருந்தாலும் அந்தக் குழந்தை நகர்ப்புறக் குழந்தைதான். லயத்து வீடு, தோட்டத்துக் கூலி எதுவும் அதை மாற்றாது.

மாற்றினால் என்ன நஷ்டம்? நவோதயா பள்ளிகளில் குறைந்தது 75 சதவீத இடங்கள் கிராமப்புறக் குழந்தைகளுக்கு. மீதியுள்ள இடங்களும் நகரத்துக்கென்று தனியே ஒதுக்கப்பட்டவை அல்ல. அவற்றுக்குக் கிராமத்துப் பிள்ளைகளும் நகரத்துப் பிள்ளைகளும் மதிப்பெண் அடிப்படையில் சேர்ந்தே போட்டியிடுகிறார்கள். அதாவது, நல்ல எண்ணத்தில் குழந்தையை ஓராண்டு டவுன் பள்ளிக்கு அனுப்பிய தகப்பனார், நான்கில் மூன்று பங்கு இடங்களைத் தன் கையாலேயே மூடிவிட்டார். உண்மையை மறைத்துக் கிராமம் என்று குறித்தால் நிலைமை இன்னும் மோசம். தேர்ச்சி பெற்ற பிறகு சான்றிதழ் சரிபார்ப்பில் சேர்க்கையே கைவிட்டுப் போகும்.

இலவசமாக ஒரு ஹாஸ்டல் பள்ளி

1986-ன் தேசியக் கல்விக் கொள்கையின் குழந்தைகள் இந்தப் பள்ளிகள். ராஜீவ் காந்தி பிரதமராக இருந்த 1985-86-ல், ஹரியானாவின் ஜஜ்ஜரிலும் மகாராஷ்டிரத்தின் அமராவதியிலும் சோதனையாக முதல் இரண்டு தொடங்கப்பட்டன. கிராமத்தில் பிறந்த கெட்டிக்காரக் குழந்தைக்கு, பணக்கார வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கும் கல்வி கிடைக்க வேண்டும் என்பதுதான் யோசனை. மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் இன்று 650-க்கும் மேற்பட்ட ஜவஹர் நவோதயா வித்யாலயாக்கள் நாடெங்கும் இருக்கின்றன. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அங்கேயே தங்கிப் படிப்பு. உணவு, உறைவிடம், சீருடை, பாடநூல் எல்லாம் இலவசம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து வித்யாலயா விகாஸ் நிதி என்று மாதம் 600 ரூபாய் உண்டு. பெண் குழந்தைகளுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பிள்ளைகளுக்கும், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பங்களுக்கும் அதுவும் கிடையாது. பெற்றோர் அரசு ஊழியராக இருந்தால் இந்தத் தொகை கூடும்.

சி.பி.எஸ்.இ. தேர்வுகளில் இப்பள்ளிகளின் தேர்ச்சி விகிதம் அண்மை ஆண்டுகளில் 99 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. பல தனியார் பள்ளிகள் எட்ட முடியாத எண் இது. ஒரு பள்ளியில் ஆண்டுக்கு அதிகபட்சம் 80 இடங்கள். நாடு முழுவதும் சேர்த்தால் சுமார் 50,000. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களுக்கு இவ்வளவுதான். நாற்பது பேர் கேட்டால் ஒருவருக்குக் கிடைக்கும் நிலை.

தோட்டத்துத் தமிழ்க் குடும்பத்துக்கு இந்த ஓர் இடம் எவ்வளவு பெரியது என்பதைப் புரிந்துகொள்ள லயத்து வாழ்க்கையைத் தெரிந்திருக்க வேண்டும். மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பகுதித் தோட்டங்களுக்குப் பல தலைமுறைகளுக்கு முன் மலையேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். மகனோ மகளோ அதே தோட்டத்தில் பேர் பதிந்தால்தான் கூரை தங்கும். அந்தச் சங்கிலியிலிருந்து வெளியே வர இவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி படிப்பு. இடுக்கியின் நவோதயா அதே மாவட்டத்தில், குளமாவில் இருக்கிறது.

இன்னொரு முரணையும் சொல்ல வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம், தேனி மாவட்டத்தில் இருக்கும் உறவுக்காரக் குழந்தைக்கு இந்த வாய்ப்பு இல்லை. 1968 முதல் இருமொழிக் கொள்கையைப் பின்பற்றும் தமிழ்நாடு, மும்மொழித் திட்டத்தோடு வரும் நவோதயாவை ஏற்கவில்லை. பள்ளிகளைத் திறக்க 2017-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட, உச்ச நீதிமன்றம் அதே ஆண்டில் அதற்குத் தடை விதித்தது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் நவோதயா உண்டு. ஆனால் மாவட்ட எல்லை தாண்டி விண்ணப்பிக்க முடியாது. குழந்தை எந்த மாவட்டத்தில் குடியிருந்து ஐந்தாம் வகுப்பு படிக்கிறதோ அந்த மாவட்டத்தின் பள்ளிக்குத்தான் விண்ணப்பிக்கலாம். வேடிக்கை என்னவென்றால், நவோதயா மாணவர்களைப் பிரிக்கும் நான்கு இல்லங்களின் பெயர் ஆரவல்லி, நீலகிரி, சிவாலிக், உதயகிரி. தமிழ்நாட்டில் நவோதயா இல்லை. ஆனால் நாடெங்கும் நவோதயாக்களில் ஒரு நீலகிரி இருக்கிறது.

ஒரே ஒரு முறை

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ஒரு முறைதான் இந்தத் தேர்வை எழுதலாம். தவறினால் அடுத்த ஆண்டு மறுபடி எழுதுவது என்ற பேச்சே இல்லை. வயதுக்கும் எல்லை உண்டு. 2026-27 சேர்க்கைக்கு, 2014 மே 1-க்கும் 2016 ஜூலை 31-க்கும் இடையில் பிறந்தவர்கள் மட்டுமே என்று வரம்பு வைக்கப்பட்டது. பள்ளிப் பதிவேட்டில் ஒரு தேதியும் பிறப்புச் சான்றிதழில் வேறொரு தேதியும் இருக்கும் குடும்பங்கள் நம் நாட்டில் ஏராளம். முதல் வகுப்பில் சேர்க்கும்போது ஆசிரியர் உத்தேசமாகப் போட்ட ஜூன் மாதப் பிறந்தநாள், ஐந்து ஆண்டுகள் கழித்து இங்கே வந்து வழிமறிக்கும். திருத்துவதற்கு நேரம் பிடிக்கும். விண்ணப்பத் தேதி அறிவித்த பிறகு ஓடுவதில் பயனில்லை.

தேதிகள் ஒவ்வோர் ஆண்டும் சற்று மாறுகின்றன. 2026-27 சேர்க்கைக்கான பதிவு 2025 மே மாத இறுதியிலேயே தொடங்கிவிட்டது. தேர்வு 2025 டிசம்பர் 13 என்றும், குளிர் மிகுந்த மலைப் பகுதிகள் முதலியவற்றுக்கு 2026 ஏப்ரல் 11 என்றும் அறிவித்தார்கள். அதாவது ஐந்தாம் வகுப்பில் கால் வைத்த உடனேயே விண்ணப்பம் வந்துவிடுகிறது. பள்ளி திறந்து, புத்தகம் வாங்கி, மூச்சு விடுவதற்குள் கடைசித் தேதி வந்து நிற்கும்.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. நவோதயா வித்யாலயா சமிதியின் இணையதளத்தில் பதிய வேண்டும். அதற்கு முன் கையில் இருக்க வேண்டியது, ஐந்தாம் வகுப்புப் பள்ளியின் தலைமை ஆசிரியர் கையெழுத்திட்டுத் தரும் சான்று. குழந்தையின் விவரம், எந்தெந்த ஆண்டு எந்தெந்தப் பள்ளியில் படித்தது என்ற பட்டியல், புகைப்படம், குழந்தையின் கையெழுத்து, பெற்றோரின் கையெழுத்து எல்லாம் அதில் இருக்கும். கிராமப்புறமா நகர்ப்புறமா என்ற கேள்விக்கு உண்மையான விடை தெரிந்தவர் இந்தத் தலைமை ஆசிரியர்தான். அவரிடம் கேட்காமல் இணைய மையத்துக்குப் போவது, டாக்டரைப் பார்க்காமல் மருந்துக் கடைக்குப் போவதற்குச் சமம்.

தவறாகக் குறித்துவிட்டால்? கடைசித் தேதிக்குப் பிறகு சில நாட்கள் திருத்தத்துக்காகத் தளம் திறக்கப்படுவது வழக்கம். ஆண்-பெண், சாதிப் பிரிவு, கிராமம்-நகரம், மாற்றுத்திறன், தேர்வு மொழி ஆகிய சிலவற்றை மட்டும் அப்போது திருத்தலாம். அந்தச் சில நாட்கள் தாண்டிவிட்டால் குறித்தது குறித்ததுதான்.

தமிழன், ஆனால் எந்த மாநிலத்தவன்?

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் குடும்பங்களுக்கு இன்னொரு தலைவலி சாதிச் சான்றிதழ். மாவட்டத்தின் மக்கள்தொகைக்கு ஏற்பத் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் நவோதயாவில் இடம் உண்டு. அது எங்கும் முறையே 15 சதவீதத்துக்கும் 7.5 சதவீதத்துக்கும் குறையாது. மத்தியப் பட்டியலில் உள்ள பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம். மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. காகிதத்தில் எல்லாம் சரிதான்.

ஆனால் பட்டியல் சாதி என்ற தகுதி மாநிலத்தோடு கட்டுண்டது. பிழைப்புக்காக வேறு மாநிலம் போனவருக்கு அங்கே அதே தகுதி தானாக வந்துவிடாது. குடும்பம் 1950-க்கு முன்பே அந்த மாநிலத்தில் நிலையாகக் குடியிருந்ததா என்ற கேள்வி எழும். தோட்டத் தொழிலாளியின் தாத்தாவுக்கு நிலப் பட்டா ஏது, வீட்டு வரி ரசீது ஏது? தேவிகுளம் தனித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருக்கே இந்தச் சிக்கல் வந்தது. அவருடைய வெற்றியைக் கேரள உயர் நீதிமன்றம் 2023-ல் செல்லாது என்றது. 2025-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. மக்கள் பிரதிநிதிக்கே இந்தப் பாடு என்றால், கொழுந்து கிள்ளும் தாய்க்கு எப்படி இருக்கும்?

செய்யக்கூடியது ஒன்றுதான். தாத்தா, பாட்டி காலத்துத் தோட்டப் பதிவேடு, பழைய பள்ளிச் சான்றிதழ், ரேஷன் அட்டை என்று கிடைத்ததைத் திரட்டிக்கொண்டு, குழந்தை மூன்றாம் வகுப்பில் இருக்கும்போதே தாலுகா அலுவலகத்துக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். தேர்வு முடிவு வந்த பிறகு தொடங்கினால், அலுவலகக் கடிகாரம் பள்ளிக் கடிகாரத்துக்காக வேகமாக ஓடாது. பிற்படுத்தப்பட்டோருக்கான சான்றும் மத்திய அரசின் படிவத்தில் இருக்க வேண்டும். மாநில அரசின் சலுகைக்கு வாங்கிய சான்று இங்கே உதவாமல் போகலாம்.

இரண்டு மணி நேரம்

இவ்வளவையும் தாண்டி வரும் குழந்தைக்குத் தேர்வு அவ்வளவு பயங்கரமானது அல்ல. இரண்டு மணி நேரம், 80 கேள்விகள், 100 மதிப்பெண். படங்களையும் வடிவங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் மனத்திறன் பகுதியில் 40 கேள்விகளுக்கு 50 மதிப்பெண். எண்கணிதத்தில் 20 கேள்விகளுக்கு 25. ஒரு பத்தியைப் படித்து விடை சொல்லும் மொழிப் பகுதிக்கும் அதே 20, 25. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. தெரியாத கேள்வியைக் காலியாக விட்டுவிட்டு வருவதுதான் நஷ்டம்.

பாதி மதிப்பெண் மனத்திறனுக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். இதில் பாடப் புத்தகத்தை மனப்பாடம் செய்த பிள்ளைக்குத் தனிச் சலுகை இல்லை. கோச்சிங் மையங்கள் இதைச் சொல்லித்தான் பணம் பார்க்கின்றன. ஆனால் பழைய கேள்வித்தாள்களை வைத்துக்கொண்டு தினமும் அரை மணி நேரம் பழகினாலே கேள்விகளின் போக்கு பிடிபட்டுவிடும். உண்மையில் கிராமத்துக் குழந்தை தடுமாறும் இடம் வேறு. விடைத்தாளில் வட்டத்தைப் பேனாவால் நிரப்பும் முறை அதற்குப் புதிது. ஒரு வட்டம் தள்ளிப் போனால் அதற்குப் பின் வரும் எல்லா விடைகளும் தள்ளிப் போகும். வீட்டில் நான்கைந்து முறை வட்டம் நிரப்பிப் பழகுவது, தடித்த கைடு ஒன்றைவிட அதிகம் உதவும்.

தேர்வு மொழியையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த மாநிலத்தில் எந்தெந்த மொழிகளில் எழுதலாம் என்ற பட்டியல் விளக்கக் குறிப்பேட்டில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பை எந்த மொழியில் படிக்கிறதோ அந்த மொழியில் தேர்வு எழுதுவதே குழந்தைக்கு நல்லது. தமிழ் வழித் தோட்டப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அவசரத்தில் வேறு மொழியைக் குறித்துவிட்டால், கணக்குத் தெரிந்தும் கேள்வி புரியாமல் உட்கார்ந்திருக்கும்.

வீட்டை விட்டுப் போகும் பத்து வயது

இடம் கிடைத்துவிட்டால் எல்லாம் சுபமா? பத்து, பதினொரு வயதில் குழந்தை வீட்டை விட்டுப் போகிறது. மும்மொழிப் பாடத்திட்டம். கொள்கைப்படி முதல் சில ஆண்டுகள் வட்டார மொழி. பிறகு கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறும். ஒன்பதாம் வகுப்பில் முப்பது சதவீத மாணவர்கள் ஓராண்டுக்கு வேறு மொழி மாநிலத்துப் பள்ளிக்கு மாற்றப்படுவார்கள். கேரளத்துப் பிள்ளை இந்தி பேசும் ஊருக்கு, அங்கிருந்து ஒரு பிள்ளை இங்கே. இதற்குச் சம்மதம் என்று சேர்க்கையின்போதே பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். பலர் படிக்காமலேயே கையெழுத்துப் போடும் காகிதம் இதுதான்.

பெற்றோர் அறிய வேண்டிய கசப்பான செய்தியும் உண்டு. 2013-க்கும் 2017-க்கும் இடையே நவோதயா பள்ளிகளில் 49 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாக 2018 இறுதியில் வெளிவந்த பத்திரிகைச் செய்தி நாட்டை உலுக்கியது. 2019-ல் தேசிய மனித உரிமை ஆணையம் மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. லட்சக்கணக்கான பிள்ளைகள் படிக்கும் அமைப்பில் இந்த எண்ணிக்கையை வைத்து எல்லாப் பள்ளிகளையும் எடைபோட முடியாது. ஆனால் ஹாஸ்டல் பிள்ளை போனில் அழுதால், "இடம் கிடைச்சதே பெரிசு, பொறுத்துக்கோ" என்று அதட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். அனுப்புவதற்கு முன் குழந்தையையும் கேட்க வேண்டும். தனியே துணி துவைக்க, உடம்பு சரியில்லை என்று பெரியவரிடம் வாய் திறந்து சொல்லத் தெரிந்த பிள்ளை சமாளித்துக்கொள்ளும்.

கிடைக்காவிட்டால்?

நாற்பதில் முப்பத்தொன்பது பேருக்குக் கிடைக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். முதல் பட்டியலில் பெயர் இல்லை என்றால் காத்திருப்போர் பட்டியல் உண்டு. சரிபார்ப்பில் சிலர் தகுதி இழப்பதாலும், சிலர் வராமல் போவதாலும் இடங்கள் காலியாகும். பிறகு ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றாம் வகுப்பிலும் காலி இடங்களுக்குத் தனித் தேர்வு நடக்கிறது. ஆறாம் வகுப்புக் கதவு ஒரு முறைதான் திறக்கும். பக்கத்துக் கதவு இரண்டு இருக்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை.

ஆறாம் வகுப்பில் சேர்க்கும் இன்னொரு வகை சைனிக் பள்ளிகள். 2021-22 முதல் பெண் குழந்தைகளும் எல்லா சைனிக் பள்ளிகளிலும் விண்ணப்பிக்கலாம். கேரளத்தில் கழக்கூட்டத்திலும், தமிழ்நாட்டில் அமராவதிநகரிலும் உண்டு. ஆனால் அங்கே கட்டணம் உண்டு. உதவித்தொகை எவ்வளவு கிடைக்கும் என்று பார்க்காமல் தோட்டக் கூலியில் அந்தக் கணக்கைப் போட முடியாது.

இவை எதுவுமே அமையாவிட்டால், அரசுப் பள்ளியின் ஆறாம் வகுப்பு இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டப்படி, ஐந்தோடு முடியும் பள்ளியிலிருந்து அரசு அல்லது அரசு உதவி பெறும் வேறு பள்ளிக்கு மாறிப் படிப்பைத் தொடர்வது குழந்தையின் உரிமை. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்று காரணம் சொல்லிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. டி.சி. வரட்டும் பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பினால், அனுப்புகிறவர்தான் சட்டத்தை மீறுகிறார்.

நவோதயா கனவு இருக்கிற வீட்டில் இப்போது இரண்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், வேலை இந்த ஆண்டே தொடங்குகிறது. பிறந்த தேதி எல்லாக் காகிதங்களிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். சாதிச் சான்றுக்கும் இருப்பிடச் சான்றுக்கும் விண்ணப்பியுங்கள். டவுன் பள்ளிக்கு மாற்றுவதாக இருந்தால், மாற்றுவதற்கு முன் தலைமை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தப் பள்ளி இருக்கும் இடம் அரசுக் கணக்கில் நகரமா, கிராமமா என்பது அவருக்குத் தெரியும். அவருக்கும் ஒரு கோரிக்கை உண்டு. மூன்றாம் வகுப்பு தொடங்கும்போது பெற்றோரைக் கூப்பிட்டு இந்த விதியைச் சொல்ல அவருக்குப் பத்து நிமிடம் போதும். தோட்டத்துப் பிள்ளையின் நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு அந்தப் பத்து நிமிடத்தில் தங்கும்.